அருள்மேரியின் ஆமென்

மண்ணூர்க் கோயிலில் பதினெட்டு வருஷமாகப் பாட்டை எடுத்துக் கொடுத்தவள் அருள்மேரி. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் முதல் அடியைத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். வாரநாளில் பால்வாடியில் ஆயா வேலை. அங்கேயும் பாட்டுதான், பாடாமல் ஒரு பிள்ளைக்கும் அவள் சோறு ஊட்டியதில்லை.

1991 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கை துவண்டு விழுந்தது. டீச்சரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வந்தது. சொல் வரவில்லை.

புருஷன் ஆபிரகாம் ஸ்பிரிங் கம்பெனியிலிருந்து போட்ட காக்கிச் சட்டையோடு ஓடி வந்தான். ஒரு வேனைப் பிடித்துச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். போன மாதம் நடந்த படுகொலைக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் ரோடு முழுக்க போலீஸ். இரண்டு இடத்தில் வேனை நிறுத்தினார்கள். உள்ளே எட்டிப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் சொன்னார்: "உயிருக்கு பயமில்ல. நாம சொல்றது எல்லாமே அவங்களுக்குப் புரியுது. பேச்சு மட்டும் வரலாம், வராமலும் போகலாம்."

வீட்டுக்கு வந்த அருள்மேரியிடம் மிச்சமிருந்தது 'தா' என்ற ஒரே சத்தம். தண்ணீருக்கும் தா, போர்வைக்கும் தா. ஆபிரகாம் ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டுவான். நாலாவது சாமானுக்குள் அவளுக்குக் கோபம் வந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். கோயிலுக்குக் கூப்பிட்டபோது ஒரேயடியாகத் தலையை ஆட்டி மறுத்தாள். பூசையில் நற்கருணை அப்பம் வாங்கும்போது 'ஆமென்' என்று சொல்ல வேண்டும். அத்தனை பேருக்கு முன்னால் ஃபாதரிடம் 'தா' என்று சொல்ல அவளால் முடியாது. அது ஆபிரகாமுக்குப் புரிந்தது. அவனும் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் அமலன், கம்பெனியில் அவனோடு ஒரே ஷிஃப்ட். டீ நேரத்தில் மெல்லக் கேட்டான்.

"மாமா, அக்டோபர்ல திருவிழா வருது. பிராக்டிஸை உங்க வூட்டுல வெச்சிக்கட்டா? அக்கா கேட்டுக்கினு இருந்தா அவங்களுக்கும் ஆறுதலா இருக்கும்."

"வேணாம்பா. அவ எதிர்ல ஒக்காந்து நீங்க பாடுவீங்க, அவ பாத்துக்கினே இருக்கணுமா? பதினெட்டு வருசம் பாட வெச்சிட்டு ஆண்டவரு அவ வாயை அடைச்சிட்டாரு. அவரு வூட்டு ஆளுங்க இங்க எதுக்கு?"

அமலன் டீ கிளாஸை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நைட் ஷிஃப்ட் முடித்த ஆபிரகாம் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். மகள் பெனிட்டா வாசலில் அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அவளும் பாடகர் குழுவில் இருந்தாள். திருவிழாப் பாட்டு மனசில் ஓடிக்கொண்டிருந்ததால் தன்னை அறியாமல் அவள் வாயில் அது வந்துவிட்டது. ஊர் உபதேசியார் எப்போதோ எழுதிய பாட்டு.

"மழை இறங்கும் ஓசையிலே மரம் விழித்துக் கொள்வதுபோல்…"

அருள்மேரியின் தோள் சட்டென்று விறைத்தது. தலையை வெடுக்கென்று சீப்பிலிருந்து இழுத்துக்கொண்டாள். பெனிட்டா பயந்துபோய் நிறுத்தினாள். அப்போது அம்மாவின் வாய் திறந்தது.

"மண் விழித்துக் கொள்வதுபோல்…
உம் குரலின் ஓசையிலே
என் உள்ளம் விழிக்குதய்யா!"

ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, பழைய குரலில், சுதி பிசகாமல் வந்தது. பாட்டைத் தப்பாகப் பாடியதற்காக மகளை முறைத்தாள். அடுத்த கணம் தான் செய்தது தனக்கே உறைத்து, இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா! அப்பா! அம்மா பாடறாங்கப்பா!"

ஆபிரகாம் லுங்கியைச் சரியாகக் கட்டாமல்கூட வெளியே வந்தான். "மேரி! இன்னா சொன்னே? இன்னொரு தபா சொல்லு!"

"தா… தா…"

அவன் முகம் தொங்கிப்போனது. பெனிட்டா விடவில்லை. "சொல்லச் சொல்லாதப்பா. பாடச் சொல்லு." அவளே முதல் அடியைத் தொடங்கினாள், இந்த முறை சரியாக. அருள்மேரி கூடவே சேர்ந்தாள். இரண்டு சரணமும் முழுசாகப் பாடினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, பாட்டு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் காந்திமதி மாவுக் கையோடு ஓடி வந்து, "முருகா! வல்லக்கோட்டையானே!" என்று அங்கேயே கும்பிட்டாள். ஆபிரகாம் வாசல்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

சேதி கேட்டு அரை மணி நேரத்தில் அமலன் வந்துவிட்டான். சைக்கிள் கேரியரில் ஆர்மோனியம்.

"பாடகர் குழுவையும் கூட்டியாந்துடட்டுமா மாமா?"

"கூட்டியாடா! ஊரையே கூட்டியா!"

மறுவாரம் டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். மூளையில் பேச்சு இருக்கும் இடம் வேறு, பாட்டு தங்கும் இடம் வேறு, இப்படிச் சிலருக்கு நடக்கும் என்றார். "பாட்டு வழியாவே பேச்சைக் கூட்டிட்டு வரப் பாருங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அருள்மேரி ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து விடாமல் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எந்தப் பாட்டு என்று ஆபிரகாம் கேட்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

அமலன் வழி கண்டுபிடித்தான். தெரிந்த மெட்டில் வீட்டு வார்த்தையைப் போடுவது. 'மழை இறங்கும் ஓசையிலே' என்ற மெட்டில் 'தண்ணி கொஞ்சம் வேணுமய்யா'. சுலபமாக வரவில்லை. மெட்டு தொடங்கினால் நாக்கு பழைய பாட்டுக்கே ஓடும். தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து, அமலன் வாசிக்க, ஆபிரகாம் அவளுடைய இடது கையைத் தொடையில் தட்டித் தாளம் போட்டான். பதினோராவது நாள், காலையில், யாரும் கேட்காமல் அருள்மேரி தானாகப் பாடினாள்:

"காப்பி ஆறிப் போச்சுதய்யா…"

ஆபிரகாம் சமையலறையிலிருந்து ஓடிய வேகத்தில் டம்ளர் உருண்டது. "பெனிட்டா! அம்மாவுக்குக் காப்பி ஆறிப் போச்சாம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான், ஏதோ பரிசு விழுந்ததைப் போல.

திருவிழா அன்று காலை அவளே புதுப்புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயிலில் அவளைப் பார்த்ததும் பெஞ்சுகளில் சலசலப்பு. பாடகர் குழு நடுவில் இடம் விட்டது. பாட்டில் அவள் குரல் கேட்டபோது பின்னால் நின்ற ஆண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் நற்கருணை நேரம் நெருங்க நெருங்க அவளுடைய முகம் வெளுத்தது. பாட்டு வேறு, அந்த ஒற்றைச் சொல் வேறு. அதற்கு மெட்டு கிடையாது. ஆபிரகாம் அவள் காதருகே சொன்னான்: "வராட்டி பரவால்ல மேரி. அவருக்குத் தெரியும்."

வரிசை நகர்ந்தது. ஃபாதர் அப்பத்தை உயர்த்திப் பிடித்தார்.

"கிறிஸ்துவின் உடல்."

அருள்மேரியின் உதடு துடித்தது. "தா…" என்று தொடங்கியது. அவள் கண்ணை மூடினாள். இடது கை தொடையில் மெல்லத் தட்டியது, ஒன்று, இரண்டு. அப்புறம் மேலே, மிகவும் மேலே, ஒரு சுரத்தை எடுத்தாள்.

"ஆ…மென்!"

ஃபாதரின் கை அப்படியே நின்றது. ஆர்மோனியத்துக்குப் பின்னால் அமலன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை; அதே சுரத்தைப் பிடித்தான். பாடகர் குழு "ஆமென்" என்று பதில் பாடியது. அருள்மேரி மறுபடி எடுத்தாள், இன்னும் உரக்க. இப்போது கோயில் முழுக்கப் பாடியது. கூரை ஓடுகள் அதிர்ந்தன என்று காந்திமதி பின்னால் பலரிடம் சொன்னாள். அவள் கோயில் வாசலில்தான் நின்றிருந்தாள். ஃபாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பத்தை அருள்மேரியின் நாவில் வைத்தார். அவளுக்கு அடுத்து நின்றவன் ஆபிரகாம். நாலு மாதத்துக்குப் பிறகு அவனும் வாயைத் திறந்தான்.

அன்று மத்தியானம் வீட்டில் பிரியாணி. கறியில் உப்பு தூக்கலாகப் போய்விட்டது. அருள்மேரி ஒரு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளி, நீட்டி முழக்கிப் பாடினாள்:

"உப்பை அள்ளிக் கொட்டியது யாரு…?"

"உங்க புருசன்தான்!" என்றான் அமலன்.

"ஏன்டா, நான் ஒருத்தனே சமைச்சேன்? நீயுந்தானே கிண்டுனே?" என்று ஆபிரகாம் பாய்ந்தான். அருள்மேரி விடவில்லை. மெட்டு மாற்றி, கையை ஆட்டி, அரிசி குழைந்ததையும் அடி பிடித்ததையும் ஒவ்வொன்றாகப் பாடிப் பாடித் திட்டினாள். ஆபிரகாம் பதிலுக்குக் கத்தினான். நாலு மாதம் கழித்து அந்த வீட்டில் நடந்த முதல் சண்டை அது. இரண்டு பேரும் அதை நிறுத்துவதாக இல்லை.