சும்மா இருக்கும் கட்டை

“...அதான் கேக்குறேன், கட்டை சும்மாதானே உக்காந்திருக்கு, அதுக்கு எதுக்கு இத்தனை அம்பு?” என்று அக்கா கியரை மாற்றினாள், மாற்றியபடியே என் மடியிலிருந்த படத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள், ரோட்டைப் பாருக்கா என்றேன், “ரோடு எங்கயும் ஓடிப்போகாது, நீ சொல்லு” என்றாள். என்ன சொல்வது... பின்னால் ஓட்டல்களுக்குப் போகவேண்டிய வெளுத்த விரிப்புகள், இஸ்திரிச் சூடு ஆறாத வாசனை, அக்காவின் சலவைக்கடையே வேனில் ஏறிக்கொண்டதுபோல, முன்சீட்டில் நான், இன்னும் சற்று நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் முன்னால் மாதிரிப் பாடம் நடத்தி வேலை கேட்கப்போகிறவள், முடுக்கத்தோடு நகரும் சாய்தளத்தின்மேல் ஒரு கட்டை, அதன்மேல் என்னென்ன விசைகள் என்று அம்புக்குறி போட்டுக் காட்டவேண்டும், தலைப்பு அவர்களே கொடுத்தது. பரீட்சை அட்டையைச் சாய்த்துப் பிடித்திருக்கிறேன், வயிற்றுப் பக்கம் மேடு, முழங்கால் பக்கம் சரிவு, மேலே கட்டைக்குப் பதில் ஒரு சாக்பீஸ் டப்பா, அக்கா வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும்வரை அது அசைவதில்லை, பிரேக் போட்டாளோ சர்ரென்று இறங்கிக் காலடியில் விழுகிறது, குனிந்து எடுத்து மறுபடி வைக்கிறேன்.

சும்மா... போன தடவை வேறொரு பள்ளியில் அந்தத் தலைமையாசிரியை கேட்டதும் இதே வார்த்தைதான், “ஆறு வருஷமா வீட்ல சும்மாதான் இருந்தீங்களா?”, நான் சிரித்தபடி ஆமாம் மேடம் என்றேன், எதற்கு அந்தச் சிரிப்பு, எதற்கு அந்த ஆமாம்? கணவரிடம் சொன்னபோது, “உன்னை யாரு போகவேணாம்னா?” என்றார், கோபமே இல்லாமல், உண்மைதான், யாரும் சொல்லவில்லை, பாப்பா பிறந்தாள், பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது, போனது, பல் முளைத்தது, பள்ளி விடும் நேரம் வந்தது, எல்லாம் அதுவாக வந்ததுதான், தெருவில் நின்று என்னை வரைந்தால் என்னைப் பின்னுக்குத் தள்ளும் அம்பு ஒன்றுகூட இருக்காது. அதோ நடைபாதையில் குடையோடு நிற்கிறவரைக் கேட்டால், உராய்வை விட்டுவிட்டால், டப்பாவின்மேல் இரண்டே விசை என்பார், எடை ஒன்று, அட்டை கொடுக்கும் தாங்குவிசை ஒன்று, ஆனால் வேனுக்குள் இருப்பவளுக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும், பின்பக்கமாகத் தள்ளுவது, புத்தகத்தில் அதற்குப் போலி விசை என்று பெயர், பெயர் வைத்தவர் வண்டியே ஏறியதில்லையோ... முதுகு சீட்டில் அழுந்துகிறதே, இது போலியா? இதை வரையாமல் விட்டால் உள்ளிருந்து கணக்கு நேராகாது, கட்டை ஏன் விழவில்லை என்று யாராலும் சொல்லமுடியாது.

“அது சும்மா இல்லக்கா.”

“எது?”

“கட்டை. மூணு பக்கமும் இழுபட்டுக்கிட்டு விழாம இருக்கு.”

“பாவம்டி, அதுக்கு ஒரு வாய் காப்பியாவது குடுப்பாங்களா?” என்றாள், எனக்குச் சிரிப்பு வந்தது, இந்தத் தடவை நிஜமாகவே வந்தது, பாடத்தை எங்கே தொடங்குவது என்றும் தெரிந்துவிட்டது, வெளியே நிற்பவரிடமிருந்து அல்ல, வண்டிக்குள் இருந்து.

பள்ளி வாசலில் வேன் நின்றது, அக்கா என் தோளில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள், வேலை கிடைத்துவிடும் என்றே தோன்றுகிறது, கிடைத்தால்... இங்கே விடுவது நாலு மணிக்கு, பாப்பாவுக்கு மூன்று மணிக்கு, இதைக் கணவரிடம் நான் வரைந்து காட்டியதே இல்லையே, காட்டியிருக்கவேண்டுமா, அவராகவே பார்த்திருக்கவேண்டுமா, தெரியவில்லை, உள்ளே போகுமுன் போனை எடுத்தேன்.

“என்ன, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?” என்றார்.

“இன்னும் உள்ளயே போகல. ஒண்ணு கேக்கணும்... இந்த வேலை கிடைச்சா, பாப்பாவ தினமும் நீங்க கூட்டிட்டு வரமுடியுமா?”