விசிறியில் சிக்கிய புது வலை

ஆற்றுவாயில் ஒரு கம்பெனி படகுத்துறை கட்டப்போகிறதாம்; இனி அங்கே எவனும் வலை போடக் கூடாதாம். காலை எட்டு மணிக்கு எல்லாப் படகும் போய்க் கம்பெனியை மறிப்பது என்று குப்பத்துக் கூட்டத்தில் மர்சலின் பேசினான். நாற்பது பேர் கைதட்டினார்கள். வந்தது மூன்று படகு.

"இன்னா மாப்ளே, இதான் உன் படையா?" என்றான் பக்கத்துப் படகிலிருந்த காஸ்பர்.

"வருவாங்க மாமா. டீ குடிச்சிக்கினு கீறாங்க."

மறியல் என்றாலும் அடுப்பு எரிய வேண்டுமே. காஸ்பர் விடியும்போதே வலையை விரித்துவிட்டிருந்தான். ஈஸ்டருக்கு வாங்கிய புது வலை. இது போனால் வேறு கிடையாது.

கம்பெனியின் காவல் படகு வந்தது. ஓட்டியவன் கனகராஜ். போன வருஷம் வரை சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு மீன் ஆட்டோ ஓட்டியவன், கடலை அறியாதவன். பிரேக் இருக்கிற நினைப்பில் வந்து மர்சலினின் படகை முட்டினான். மர்சலின் ஒரு கூடை அழுகல் நண்டை அவன் தலையில் கவிழ்த்தான். துடுப்பும் துடுப்பும் நாலு தட்டு தட்டிக்கொண்டன. அவ்வளவுதான் சண்டை. தப்பிக்கத் திரும்பிய கனகராஜ், மிதவைகளைப் பார்க்காமல் நேரே காஸ்பரின் வலைமேல் ஏறினான். இன்ஜின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது, இன்ஜின் நின்றது. படகு அலை உடையும் பக்கம் இழுபட்டுப் போனது.

இன்ஜின் செத்த படகு எவனுடையதானாலும் கரை சேர்ப்பது குப்பத்துக் கட்டுப்பாடு.

"போவட்டும் வுடு மாமா," என்றான் மர்சலின்.

"நாளைக்கு உன் இன்ஜின் நிக்கும். அப்போ இதையே சொல்றேன்." காஸ்பர் கயிற்றை வீசினான்.

"அண்ணே, எங்கிட்ட கத்தி கீது," என்றான் கனகராஜ். "வலைய அறுத்துட்டா நானே போய்டுவேன்."

"கத்திய கீழ வையி. நண்டு நாத்தத்தோட கம்முனு குந்து."

வலையோடு சேர்த்துப் படகை மணலில் ஏற்றினார்கள். டீ குடித்தவர்கள் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். பின்னாலேயே கம்பெனி மேனேஜர் வந்தார்.

"படகை விடுங்க. இல்லன்னா ஆள வெச்சு வலைய வெட்டுவேன்."

"வெட்டாத சார். கண்ணி கண்ணியா கையாலதான் பிரிக்கணும்," என்றான் காஸ்பர்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு நாள். யாரும் தொணதொணக்காம இருந்தா."

மேனேஜர் கனகராஜின் கத்தியை எடுத்துக்கொண்டு நெருங்கினார். நாற்பது பேரும் படகைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். அவர் நின்றார், பிறகு போனை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். மர்சலின் தொண்டையைச் செருமிப் பேச ஆரம்பித்தான்.

விசிறிக்கு அடியில் குந்தியிருந்த காஸ்பர் தலையைத் தூக்கினான்.

"நிக்கறதுதான் நிக்கறீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்கடா. வெளிச்சமே இல்ல, கண்ணி தெரிய மாட்டேங்குது."