பலகையில் வைத்த பொட்டு

மலாய் நாட்டை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், லோரி ஓட்டுகிறவனிடம் துப்பாக்கி இருந்தால் தலை போகும் என்று சட்டம். தெரிந்தும் சொல்லாதவனுக்கும் அதே கதிதான். எங்கள் சீன முதலாளி காஜா பெராங் லோரிக் கொட்டகையில் எங்களை நிற்க வைத்து அதைச் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். குருபோங் ரோட்டில் அரிசி மூட்டையோடு தனியாகப் போகிறவர்கள் நாங்கள்தானே. ரப்பர் மரத்துக்குப் பின்னால் நிற்கிற கொள்ளைக்காரனுக்கு எந்தச் சட்டமும் கிடையாது.

இன்னொரு லோரி ஓட்டிய சுப்பையன் ஒருத்தன்தான் என்னோடு பேசுவான். நான் யாரையும் கிட்டே சேர்க்கிற ஆள் இல்லை. சேர்க்காமலே வந்து உட்கார்ந்துகொள்வான் அவன். ஓடிப்போன தோட்டத்துத் துரை விட்டுவிட்டுப் போன கைத்துப்பாக்கி ஒன்று அவனிடம் இருந்தது. லோரியில் உட்காரும் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். எனக்கு மட்டும்தான் சொன்னான். ஆற்றில் போடச் சொன்னேன்.

“பெட்ரோல் வண்டின்னா நிக்காம ஓடிருவேன் மாணிக்கண்ணே. இது கரிப் புகையில ஓடுற வண்டி. நடுக்காட்டுல எறங்கி அடுப்பக் கிண்டணும். அப்ப எனக்கு யாரு இருக்கா?”

நான் இருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? என் லோரி வேறு பக்கம் போகும்.

ஆயுத பூஜை வந்தது. கடலை கிடைக்காத காலம், அவித்த மரவள்ளிக்கிழங்கைப் படைத்தோம். ஸ்பானர், ஜாக்கி, ஸ்டேரிங், கரி அடுப்பு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம்.

மறுநாள் சரக்கு அதிகம். இரண்டு லோரியையும் புக்கிட் ரம்பாய்க்கு அனுப்பினார்கள். சோதனைச் சாவடியில் இறங்கிக் குனிந்து வணங்கினோம். ஜப்பான் சிப்பாய் தள்ளி நின்றான். வண்டியைச் சோதித்தவன் யூசோப் என்ற மலாய்ப் போலீஸ்காரன். நம் சாமியைக் கும்பிடுகிறவர்கள் குடியிருக்கும் கம்போங் செட்டிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், நம் சாமி காரியமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. சுப்பையனுடைய லோரிக் கதவைத் திறந்த யூசோப் அப்படியே நின்றுவிட்டான்.

எட்டிப் பார்த்தேன். உட்காரும் பலகையில் பெரிய பொட்டு.

மடையன். துப்பாக்கியை வெளியே எடுத்துப் படைக்க முடியாது. படைக்காமல் விட்டால் சமயத்தில் சுடாது என்று பயம். அதனால் பலகைக்கே பொட்டு வைத்திருக்கிறான்.

யூசோப் மலாயில் என்னைத்தான் கேட்டான். “வேலை செய்யிற சாமானுக்குத்தானே நீங்க பொட்டு வைப்பீங்க? இந்தப் பலகை என்ன வேலை செய்யுது?”

சுப்பையன் எனக்குப் பின்னால் ஒதுங்கினான்.

“இவன் குண்டியத் தாங்குது. அதவிடப் பெரிய வேலை என்ன இருக்கு?” என்றேன்.

யூசோப் சிரிக்கவில்லை. பலகையைத் தூக்கவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, ஒன்றுமில்லை என்று சிப்பாய்க்குக் கை காட்டினான்.

வளைவு தாண்டி இரண்டு லோரியையும் நிறுத்தினோம். யூசோப் தங்கமான மனுஷன் என்று சுப்பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு எரிச்சல் வந்தது.

“அவனுக்குத் தெரிஞ்சு போச்சுடா. இன்னைக்கு விட்டான். நாளைக்கு அவன் வீட்டுல அரிசி இல்லன்னா ஜப்பான்காரன்கிட்ட உன்ன வித்துருவான். துப்பாக்கியத் தூக்கிப் போடு. இல்ல, நீ எங்கயாச்சும் போயிரு.”

அவன் என்னையே பார்த்தான். “நீங்க விப்பீங்களாண்ணே?”

நான் கரி அடுப்பைக் கிண்டப் போனேன். திரும்பினால் அவன் துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தான். கூப்பிடவில்லை. அவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

லோரியை வழியில் விட்டுவிட்டு ஆள் ஓடிவிட்டான் என்று முதலாளியிடம் சொன்னேன். வேறு ஒருத்தன் அந்த லோரிக்கு வந்தான். அவனோடு நான் பேசியதில்லை.

சாவடியில் பார்க்கும்போதெல்லாம் யூசோப், தம்பி எங்கே என்று கேட்பான். தெரியாது என்பேன். எங்கள் கொட்டகைக்குச் சோதனை போட யாரும் வரவில்லை. ஜப்பான்காரன் போன பிறகு ஒருநாள், யூசோப் போலீஸ் உடுப்பு போடாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்று, சுப்பையனைப் பற்றிச் சேதி உண்டா என்று கேட்டான். எந்தச் சுப்பையன் என்றேன். வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

யூசோப்பைப் பற்றி நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். கேட்கத்தான் ஆள் இல்லை.