மூன்றரை மணிக் கப்பல்

அந்தமானின் மாயாபந்தரில் பள்ளிக்கூடம் மூன்று மணிக்கே விட்டுவிடும். சந்திரமதிக்கு மட்டும் மூன்றரைக்கு இன்னொரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆறே மாதம் என்று போர்ட்பிளேரிலிருந்து அனுப்பினார்கள். வருஷம் இரண்டாகிவிட்டது. சர்க்காரின் ஆறு மாதம் அப்படித்தான்.

வங்காளி, தெலுங்கு, மலையாளம், தமிழ் என்று வீட்டுக்கொரு பேச்சு. வெளியே வந்தால் எல்லாருக்கும் இந்தி. இதில் ஏ ஃபார் ஆப்பிள் யாருக்கு ஏறும்? ஆப்பிளையே கண்ணால் பார்க்காத பிள்ளைகள். பார்த்ததெல்லாம் கப்பல்தான். அதனால் சந்திரமதி பெஞ்சுகளை நீளமாகப் போட்டுக் கப்பலாக்கினாள். ஒரு பிள்ளை பயணியாக இறங்கும். மற்றவை ஓடிப்போய், "வெல்கம் சார், மே ஐ டேக் யுவர் பேக்?" என்று கேட்கும். ஏன் வந்தீர்கள் என்று விசாரிக்கும். "ஐ ஹேவ் கம் டு ஸ்டே" என்று பயணி சொல்ல வேண்டும். குடியேற வந்தவர்களின் ஊரில், தங்க வந்திருக்கிறேன் என்பதைவிட வேறென்ன பதில் வைப்பது?

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் அலுத்துவிட்டது. அவளுடைய ஐந்து வயது மகள் சுசீலா போர்ட்பிளேரில் அப்பா கோவிந்தராஜிடம் வளர்கிறாள். போன லீவில் தூக்கப் போன அம்மாவைக் கண்டு, அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அன்று கல்வி அதிகாரி ராஜமாணிக்கம் கப்பலில் வருவதாகத் தந்தி வந்திருந்தது. வகுப்பு உருப்படியில்லை என்று அவர் எழுதினால் மூடிவிடுவார்கள். அவள் மகளிடம் போய்ச் சேரலாம். சரியாக மூன்றரைக்கு, கப்பல் அணையும் ஜெட்டியில் சங்கு ஊதியது. கப்பல் வந்துவிட்டால் மாயாபந்தரில் யாரும் இருந்த இடத்தில் இருக்கமாட்டார்கள்.

"டீச்சர்ஜி, ஜஹாஜ் ஆ கயா! போகட்டா?" கடைக்கார அப்துல் கனியின் மகள் நசீரா வாசலில் துடித்தாள்.

வழக்கமாக அதட்டி உட்காரவைப்பவள், "எல்லாரும் போங்க" என்றாள். காலி பெஞ்சுகளை அதிகாரி பார்க்கட்டும். மனசு உறுத்தியது. இருந்தும் எழுந்துபோய்த் தடுக்கவில்லை.

அரை மணி கழித்து அதிகாரி வந்தார். அவருடைய பெட்டியை நான்கு பிள்ளைகள் தூக்கிவர, குடையை நசீரா பிடித்திருந்தாள்.

"இறங்கினதும் சூழ்ந்துக்கிட்டாங்கம்மா! பேக்கைக் குடுங்கன்னு இங்கிலீஷ்ல கேக்குறாங்க. ஏன் வந்தீங்கன்னு விசாரணை வேற!" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "போர்ட்பிளேர்லகூட இப்படி ஒரு கிளாஸ் கிடையாது. உங்களைப் போய் இங்கேருந்து விடுவேனா? இன்னும் மூணு வருஷத்துக்கு எழுதிடறேன்."

"தேங்க் யூ சார்" என்றாள் சந்திரமதி. ஜெட்டிதான் அந்தப் பிள்ளைகளின் நிஜ வகுப்பறை என்பது, பாடம் வைத்தவளுக்கே தோன்றாமல் போயிருந்தது.

மறுநாள் பெஞ்சுகளைப் போட்டுவிட்டு, இன்றைக்குப் பயணி யார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். சந்திரமதி தானே ஏறி உட்கார்ந்தாள்.

"வெல்கம் மேடம்! வை ஹேவ் யூ கம்?" என்று நசீரா ஓடி வந்தாள்.

சந்திரமதி ஜெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் காத்திருந்தார்கள். டீச்சருக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்து, நசீரா அவள் காதருகே குனிந்து மெல்ல எடுத்துக்கொடுத்தாள்.

"ஐ ஹேவ் கம் டு ஸ்டே. சொல்லுங்க டீச்சர்."