கழற்றிய வயர்

மூன்று மணிக்கு அப்பாவின் பெட்டியை மூடிவிடுவார்கள். நடுக்கடலில் எஞ்சின் ஏன் நின்றது என்று அதற்குள் தெரிந்தாக வேண்டும். அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து, அஷ்வினி பின்வாசல் வழியாகக் கரைக்கு வந்துவிட்டாள். முகத்துவாரத்து மணலில் அப்பாவின் ஃபைபர் படகு ஒருக்களித்துக் கிடந்தது. புறக்கோட்டையில் அவள் போன் திருத்தும் கடையின் ஸ்குரூட்ரைவர் கைப்பையிலேயே இருந்தது. அதை எடுத்து எஞ்சின் மூடியைத் திறந்தாள்.

அழகு மாமா பின்னாலேயே வந்தார். அப்பா போன அன்று படகில் கூட இருந்த ஒரே ஆள் அவர்தான்.

"என்னா புள்ள, இந்த நேரத்துல? உள்ள உங்கம்மா தேடுது."

"எஞ்சின் எப்படி மாமா நின்னுச்சு? சூடாகியா?"

"சூடெல்லாம் இல்ல. வலைய மேல இழுக்க நிப்பாட்டுனோம். பொறகு சாவியத் திருப்புனா டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். மச்சான் எஞ்சின் கயித்த இழுத்தாரு. முப்பது தரம், நாப்பது தரம். நான் இழுக்கிறேன்னா விடுவாரா? 'நீ இழுத்தா கயிறுதான் கையோட வரும்'னு சிரிச்சாரு. சிரிச்சவரு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு அப்புடியே குந்திட்டாரு. பொறகு எழும்பவே இல்ல."

பத்து நாளைக்கு முன்தான் எஞ்சின் விட்டுவிட்டுப் பீப் சத்தம் போடத் தொடங்கியது. "மூதேவி நிக்காம கத்துது. மீனெல்லாம் இந்தியாவுக்கு ஓடுது. வாயப் பொத்திவிடு புள்ள" என்றார் அப்பா. அவள் எண்ணெய் பார்த்தாள், சரியாக இருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கரண்ட் குறைந்தாலும் அப்படிக் கத்தும்; ஆனால் பெட்டரியை மட்டும் பார்க்கவில்லை. அது அவளே போன வருடம் போனஸில் வாங்கிக் கொடுத்தது. ஆயுத பூசைக்கு அம்மா அதன் இரண்டு முனைகளிலும் சந்தனத்தைத் தடிப்பாக அப்பிக் குங்குமம் வைத்திருந்தாள். அதைக் கலைக்க யாருக்குத்தான் கை வரும்? "சென்சர் பிழையா இருக்கும்ப்பா" என்று, சத்தத்துக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டாள்.

"என் மக ரெண்டே நிமிசத்துல அடக்கிட்டா" என்று அப்பா கரை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இப்போது ஸ்குரூட்ரைவரின் நுனியைப் பெட்டரி முனையில் காய்ந்திருந்த சந்தனத்தில் வைத்து நெம்பினாள். பொருக்காக உதிர்ந்தது. அடியில் பச்சைப் பூஞ்சணம் போல உப்பு பூத்துக் கிடந்தது. கிளிப் தளர்ந்து ஆடியது. பெட்டரியில் கரண்ட் இருந்தது; வெளியே வரத்தான் வழி இல்லை. விரல்களாலேயே சுரண்டி எடுத்து, கிளிப்பை இறுக்கினாள். கழற்றிய வயரை மாட்டினாள். சாவியைத் திருப்பினாள்.

ஒரே ஒரு பீப். பிழை ஏதும் இல்லாத எஞ்சின் போடும் சத்தம் அது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் எஞ்சின் உறுமியது. உடனே நிறுத்தினாள்.

வீட்டுக்குள் ஒப்பாரி ஒரு கணம் நின்றது. அழகு மாமா பெட்டரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அம்மா பாக்கியலெட்சுமி சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"அப்பாட எஞ்சின் சத்தம் கேட்டுச்சே... என்னா பிழையாம் புள்ள?"

அஷ்வினி, சந்தனம் அப்பிய அம்மாவின் விரல்களைப் பார்த்தாள்.

"என் பிழைம்மா. ஒரு வயர நான் கழட்டி வச்சிருந்தேன்."

அம்மா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நல்லதுக்குன்னுதானே செஞ்ச" என்றாள். பிறகு அவள் கண் பெட்டரிக்குப் போயிற்று.

"சந்தனம் எங்க?"

"தண்ணி பட்டு உதிர்ந்திருச்சும்மா."

"பரவால்ல. அடுத்த பூசைக்கு இன்னும் தடிப்பா வச்சிருவோம்."

"சரிம்மா."

அழகு மாமா எஞ்சின் மூடியை எடுத்துப் போட்டு அழுத்தினார்.

அஷ்வினி இடது கையால் அம்மாவைத் தாங்கி உள்ளே அழைத்துப் போனாள். வலது கை மூடியே இருந்தது. வாய்க்கரிசித் தட்டை யாரோ முன்னால் நீட்டியபோதுதான் அதை விரித்தாள். விரல் இடுக்குகளில் அந்தப் பச்சை உப்பு அப்படியே இருந்தது.