பெங்களூருக்கு எவ்வளவு வேணும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பம்பு செய்யும் கம்பெனியில் குப்புராஜுக்கு மெயின்டனன்ஸ் வேலை. ஒருநாள் ஹெச்.ஆர். மேடம் மிருதுளா அவனைக் கூப்பிட்டனுப்பினார். பெங்களூரில் புதுக் கிளை திறக்கிறார்களாம். அங்கே அவன்தான் சூப்பர்வைசர்.

"அங்க வசதியா இருக்க மாசம் எவ்வளவு வேணும்னு நீங்களே சொல்லுங்க. நாளைக்குச் சொன்னா போதும்."

கொடுத்ததை வாங்கித்தான் அவனுக்குப் பழக்கம். நீயே கேள் என்றால் எதைக் கேட்பது? கேன்டீனில் பீட்டரிடம் விசாரித்தான். பீட்டர் பெங்களூரில் வேலை பார்த்துத் திரும்பியவன்.

"நாப்பதாயிரம் போதும்பா. நான் முப்பதுலயே ராஜா மாதிரி இருந்தேன்."

"தனியாவா?"

"ரூம்ல ஆறு பேரு."

ஒரே ரூமில் ஆறு ராஜாக்கள் படுத்திருப்பதை நினைத்துப் பார்த்ததில் குழப்பம் கூடியதுதான் மிச்சம். பஸ்ஸில் போகும்போது, பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கும் சித்தப்பா அருணாச்சலத்துக்குப் போன் போட்டான்.

"ஒரு லட்சத்துக்குக் கீழ கேட்டுடாதடா. வாடகையும் ஸ்கூல் பீஸுமே முழுங்கிடும்."

"உனக்கு எவ்ளோ வருது சித்தப்பா?"

"எனக்கு அறுபதுதான்."

"அப்புறம் எப்பிடி ஓட்டுற?"

"அதான் எனக்கே புரியல" என்றார் அவர்.

மறுநாள் குருட்டாம்போக்கில் எழுபத்தைந்து என்றான். மேடம் உடனே "சரி" என்றார். பேரமே பேசவில்லையே, குறைத்துக் கேட்டுவிட்டோமோ என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தான்.

சாயந்தரம் கவரைப்பேட்டை வீட்டில் மனைவி நர்மதாவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் பக்கத்து பேக்டரியிலிருந்து அப்போதுதான் வந்து, கழுத்து அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். போன மாதம்தான் அவளை லைன் லீடராக்கியிருந்தார்கள்.

"அதுல நானும் இருக்கேனாங்க?"

"நீ இல்லாமயா? ரெண்டு பேருக்கும் சேத்துதான் கேட்டேன்."

"என் சம்பளம் நின்னுடுமே, அதையும் சேத்தீங்களா?"

அதைச் சேர்க்கவில்லை என்பது குப்புராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. பீட்டரைக் கேட்டான், சித்தப்பாவைக் கேட்டான். இவளைக் கேட்கத் தோன்றவே இல்லை.

"அங்க வந்து நான் சும்மா குந்திக்கினு இருந்தா, அது வசதியா?"

"அப்பிடி நான் நெனைக்கலம்மா."

"நீங்க என்னை நெனைக்கவே இல்ல. அதான் பேஜாரு."

"அப்போ வேணாம்றியா?"

"நான் எப்போ வேணாம்னேன்?"

மறுநாள் காலையில் மேடம் முன்னால் போய் நின்றான்.

"கொஞ்சம் டைம் வேணும் மேடம்."

"பணம் பத்தலையா?"

"பத்துமா பத்தாதான்னே தெரியல. வீட்ல அவங்களுக்கும் அங்க வேலை கிடைக்குமான்னு பாக்கணும்."

மேடம் காலண்டரைப் பார்த்தார். "திங்கட்கிழமை சொல்லிடுங்க."

சனிக்கிழமை இருவரும் லீவு போட்டு பெங்களூர் ரயில் ஏறினார்கள். நர்மதாவின் மடியில் சர்டிபிகேட் கவர். எதிர் சீட்டு அம்மாள், "பெங்களூருக்குக் குடி போறீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் நர்மதா.

"தெரியல" என்றான் குப்புராஜ், அதே நேரத்தில்.