கழிப்பறையில் தொங்கிய பங்குப் பத்திரம்

ஹாலிஃபாக்ஸ் ஊரில் மின்சாரம் விற்றுவந்த சின்னக் கம்பெனி ஒன்று திங்கட்கிழமை திவாலானது. அதில் டிரெவர் பங்கு வாங்கியிருந்தார். கம்பெனிக் கடனுக்குத் தன் வீட்டையும் ஜப்தி செய்துவிடுவார்கள் என்று அவராகவே முடிவுகட்டி, மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை.

இந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், மனைவி கிளெனிஸ் திவாலைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டு அவர் கையில் திணித்தாள்.

"உங்க பத்திரத்துல பங்குக்கு முழுப்பணமும் கட்டியாச்சுன்னு இருக்கா, பாருங்க சார்," என்றாள் அங்கிருந்த பெண்.

வருகிறவர்கள் எல்லாரும் ஆற அமர உட்கார்ந்து படிக்கட்டும் என்று, அதை பிரேம் போட்டுக் கழிப்பறையில்தான் மாட்டியிருந்தார். போனோடு ஓடினார்.

"இருக்கும்மா."

"அப்ப நீங்க போட்ட பணம் போச்சு, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு பென்னிகூட யாரும் கேக்க முடியாது."

டிரெவர் மூடியைக் கவிழ்த்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிளெனிஸ் எட்டிப் பார்த்தாள். "வீடு தப்பிச்சுதா, மகாராசா?"

"தப்பிச்சுது. பத்திரம்தான் இனி வெறும் காகிதம்."

அவள் பிரேமைக் கழற்றினாள். "இதுல நம்ம நாய் போட்டோவை வைக்கிறேன். அதுவும் நம்ம காசைத்தான் திங்குது. வாலையாவது ஆட்டுது."